கூலி கருதாத குரல்கள்: கொக்குவிற் பகுதியின் இசைக் கூட்டங்கள்

யாழ்ப்பாணம் என்னும் பெயர் ஓர் இசைஞனால் வந்தது என்பது செவிவழி மரபு. கண்பார்வை இழந்த பாணன் ஒருவன் அரசவையில் யாழ் மீட்டினான் என்றும், அவ்விசையில் உளம் நெகிழ்ந்த அரசன் இம்மணற்பாங்கான நிலத்தை அவனுக்குப் பரிசிலாக ஈந்தான் என்றும் அக்கதை கூறும். 18ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையும் யாழ்ப்பாடியின் கதையைப் பேணி வைத்திருக்கின்றது. வரலாற்றாசிரியர்கள் இதனை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. ஆயினும், தங்கள் நாட்டை ஒரு பாட்டுக்காரன் பெற்ற பரிசு என்று நினைத்து மகிழ்ந்த மக்கள் இசையை எவ்வளவு உயர்வாக மதித்தனர் என்பதற்கு இக்கதையே போதிய சான்று.

பரிசில் பெற்ற பாணனுக்கு ஒரு கதை கிடைத்தது. பரிசில் எதுவும் கருதாது, பகல் முழுவதும் தோட்டத்திலும் கொட்டிலிலும் உழைத்துவிட்டு, இரவிலே பாய் விரித்து நண்பரோடு கூடிப் பாடியவர்களுக்கு அத்தகைய கதை கிடைக்கவில்லை. கல்வெட்டிலும் அவர்கள் பெயர் இல்லை; கச்சேரி விளம்பரத்திலும் இல்லை. ஆனால் வித்துவான் ஒருவர் மேடையேறும்போது அவர் பாடும் இராகத்தை இன்னதென்று அறிந்து தலையசைப்பதற்கு ஊரிலே நூறு பேர் இருந்தார்கள் எனின், அந்த நூறு பேரையும் ஆக்கிவைத்தவை இந்தச் சிறு கூட்டங்களே.

இத்தகையோரை மேல்நாட்டார் ‘அமெச்சூர்’ என்று அழைப்பர். தொழில்முறைத் தேர்ச்சி இல்லாதவர் என்ற இளக்காரப் பொருளில் இச்சொல் இன்று வழங்குவதுண்டு. உண்மையில் இது பிரெஞ்சு மொழியில் நின்று வந்த சொல். அதன் இலத்தீன் மூலத்துக்கு அன்பு செய்பவன் என்பதே பொருள். இசையால் வாழ்பவன் ஒருவன். இசைமேல் அன்பினால் அதனை நாடுபவன் மற்றொருவன். இருவரும் இசைக்கு வேண்டியவர்களே.

இத்தகைய அன்பர் கூட்டங்கள் ஆற்றிய பணி உலக வரலாற்றில் சிறியதன்று. 1791ஆம் ஆண்டு ஜெர்மனியின் பேர்லின் நகரில், கார்ல் ஃபிரெட்ரிக் ஃபாஷ் என்பவரின் தலைமையிற் சில அன்பர்கள் சேர்ந்து பாடத் தொடங்கினர். அக்கூட்டமே பின்னர்ப் பேர்லின் பாடற் கழகமாக வளர்ந்தது. மாமேதையாகிய பாஃக் இயற்றிய மத்தேயு சுவிசேஷத் திருப்பாடுகள் என்னும் பேரிசை நூல், அவர் மறைந்த பின் பொதுமக்கள் செவிக்கு எட்டாமலே கிடந்தது. 1829ஆம் ஆண்டு, இருபது வயது இளைஞரான மெண்டல்சன் அதனை மீண்டும் அரங்கேற்றியபோது, அவருக்குக் குரல் கொடுத்தவர்கள் இந்தக் கழகத்து அன்பர்களே. வியன்னா நகரில் 1812ஆம் ஆண்டு தோன்றிய மற்றொரு சங்கம், இசை நண்பர் சங்கம் என்றே பெயர் பூண்டது. தமிழகத்திலும் 1891ஆம் ஆண்டு பம்மல் சம்பந்த முதலியார் சென்னையிற் சுகுண விலாச சபையை நிறுவியபோது, படித்தவரும் உத்தியோகத்தரும் ஊதியம் கருதாது அரங்கேறும் புதுவழி திறந்தது. இலங்கையிலே கலையரசு க. சொர்ணலிங்கம் 1913ஆம் ஆண்டு கொழும்பில் லங்கா சுபோத விலாச சபையைத் தொடங்கியதும் அவ்வழியைப் பின்பற்றியே.

பெருநகரச் சபைகளுக்குப் பெயரும் யாப்பும் நிர்வாக சபையும் உண்டு. கிராமத்துக் கூட்டங்களுக்கு அவை பெரும்பாலும் இல்லை. அத்தகைய கூட்டங்கள் எப்படி முளைத்தன, எப்படி வாழ்ந்தன என்பதைக் கொக்குவிற் பகுதியை வைத்து நோக்குவது பயன்தரும்.

யாழ்ப்பாண நகருக்கு வடக்கே, காங்கேசன்துறை வீதியும் புகையிரதப் பாதையும் ஊடறுத்துச் செல்லும் கிராமம் கொக்குவில். செம்பாட்டு மண்ணும் கிணற்று நீரும் வாய்த்த இப்பகுதியிற் புகையிலைத் தோட்டங்கள் செழித்தன. அதனை அடுத்துச் சுருட்டுத் தொழில் வளர்ந்தது. கொக்குவில், கொண்டாவில் ஆகிய ஊர்களிற் சுற்றப்பட்ட சுருட்டுகள் தென்னிலங்கைக் கடைகளுக்கெல்லாம் சென்றன. 1902ஆம் ஆண்டு குடாநாட்டிற் புகையிரதம் ஓடத் தொடங்கி, 1905ஆம் ஆண்டு கொழும்புப் பாதை முழுமை பெற்றபோது, இந்த வாணிகம் மேலும் விரிந்தது. சுருட்டு மூட்டைகளோடு தெற்கே போன மனிதர்கள், திரும்பி வரும்போது புதிய பாட்டுப் புத்தகங்களையும் நாடக மெட்டுகளையும் கொண்டுவந்தார்கள்.

சுருட்டுக் கொட்டில் என்பது வெறும் தொழிற்சாலை அன்று. அங்கே கைகளுக்குத்தான் வேலை, செவிகள் ஓய்ந்திருக்கும். ஆதலின் ஒருவர் பத்திரிகையையோ கதைப்புத்தகத்தையோ உரக்க வாசிக்க, ஏனையோர் சுருட்டைச் சுற்றியவாறே கேட்டிருப்பது வழக்கமாயிற்று. கடல்கடந்த கியூபா நாட்டின் ஹவானா நகரிலும், 1865ஆம் ஆண்டளவிற் சுருட்டுத் தொழிலாளர் இதே வழக்கத்தை மேற்கொண்டனர் என்பது வியப்புக்குரிய ஒற்றுமை. ஒன்றையொன்று அறியாத இரண்டு தீவுகளில், ஒரே தொழில் ஒரே பழக்கத்தைத் தோற்றுவித்தது. கேட்டுக் கேட்டுப் பழகிய செவி இசைக்கும் ஆயத்தமான செவியே அன்றோ?

அச்செவியை மேலும் பண்படுத்தியது கோயில். 1847ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் பிரசங்கம் செய்யத் தொடங்கி, அடுத்த ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய பின், தேவாரம் ஓதுதல் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் உரிய பயிற்சியாயிற்று. கோயில்களிற் புராண படனம் நிகழ்ந்தது. ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றொருவர் அதன் பயனைச் சொல்லுவார். வாசிப்பவர் தொழில்முறைப் பாடகர் அல்லர். கமக்காரராகவோ கடைக்காரராகவோ ஆசிரியராகவோ இருப்பார். ஆயினும் செய்யுளின் பொருளுக்கேற்ற இராகத்தை அவர் தெரிந்தெடுத்தல் வேண்டும். அவலச் சுவைக்கு முகாரி பாடாமல் வேறொன்றை எடுத்தால், தூணோரத்திற் சாய்ந்திருக்கும் முதியவர் நிமிர்ந்து பார்ப்பார். அந்த ஒரு பார்வையே போதிய திருத்தமாக இருந்தது.

மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில், விடியுமுன் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க வீதிவழியே பாடிச் செல்வது குடாநாட்டின் நெடிய வழக்கம். குரல் இனியவரும் இனிமையற்றவரும் அக்கூட்டத்திற் சமமாகவே நடந்தனர். வெள்ளிக்கிழமை பஜனையும் அவ்வாறே. கொக்குவில் மஞ்சவனப்பதி முருகன் கோயில் போன்ற ஆலயங்களைச் சூழ்ந்த ஊர்களில், இசையின் முதற்பாடம் குருவின் வீட்டிலன்றிக் கூட்டத்தின் நடுவிலேயே பலருக்கும் கிடைத்தது.

இங்கே மறைக்கலாகாத உண்மை ஒன்று உண்டு. கொக்குவிலுக்கு வடக்கே சற்றுத் தொலைவிலுள்ள இணுவில், நாகசுரத்துக்கும் தவிலுக்கும் பெயர்பெற்ற ஊர். தவில் வித்துவான் விஸ்வலிங்கமும், 1933ஆம் ஆண்டு பிறந்து தமிழகத்தாரும் வியந்து போற்றிய அவர் மைந்தர் தெட்சணாமூர்த்தியும் அம்மரபில் வந்தவர்கள். திருவிழா இரவுகளிற் கோயில் வீதியில் அவர்கள் வாசிப்பதைக் கேட்கவென்று பல ஊர்ச் சனமும் திரண்டது. இலக்கண நுணுக்கம், கணக்கு வழக்கு, இராக விரிவு அனைத்தையும் இப்பகுதி மக்கள் இலவசமாகக் கற்ற பெரும்பள்ளி அதுவே. எனினும், கலையைப் போற்றிய சமூகம் கலைஞரை எப்போதும் சமமாகப் போற்றவில்லை. வீதியிற் புகழ்ந்தவர்களே பந்தியில் அவர்களை ஒதுக்கியதுண்டு. வேறு சிலருக்குக் கோயிலின் உள்வீதியே அடைபட்டிருந்தது. 1957ஆம் ஆண்டு சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1960களின் பிற்பகுதியில் ஆலயப் பிரவேசப் போராட்டங்கள் நிகழவேண்டியிருந்தன.

அன்பர் கூட்டத்தின் பாயில் யார் அமரலாம் என்னும் வினா, ஆகவே இசையை மட்டும் பற்றிய வினா அன்று. சில கூட்டங்கள் சாதி எல்லையைத் தாண்டவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நல்ல மிருதங்கக்காரர் ஒருவர் இல்லாமற் பாட்டு நடவாது. அவர் எந்தத் தெருவில் இருந்தாலும் அழைத்தே ஆகவேண்டும். அழைத்தவரை வாசலில் நிறுத்திவைத்துத் தாளம் போடச் சொல்லுதலும் இயலாது. அறநூல் சொல்லியும் அசையாத மனங்களை, தாளத்தின் தேவை சிறிது சிறிதாக அசைத்தது. பெண்கள் நிலையும் இத்தகையதே. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டு மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியைப் பெண்களுக்கென நிறுவி, அங்கே இசைக்கும் இடமளித்த பின்னரே, நல்ல குடும்பத்துப் பெண் பிறர் முன்னிலையிற் பாடலாகாது என்ற எண்ணம் தளரத் தொடங்கியது.

இக்கூட்டங்களின் நடுநாயகமாக விளங்கிய கருவி ஆர்மோனியம். அதன் வரலாறு சுவையானது. பாரிஸ் நகரத்து அலெக்சாந்தர் டெபேன் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் செய்தளித்த ஆர்மோனியம், காலால் மிதித்து வாசிக்கும் பெரிய கருவி. கல்கத்தாவைச் சேர்ந்த துவாரகநாத் கோஷ், தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை அசைத்து மறுகையால் வாசிக்கத்தக்கதாக அதனைச் சிறிதாக்கினார். நாடகக் கொம்பனிகள் அதனைத் தமிழ்நாடெங்கும் பரப்பின. தமிழகத்திலிருந்து அக்கொம்பனிகள் இங்கு வந்தபோது ஆர்மோனியமும் உடன்வந்தது. கொம்பனிகள் திரும்பிச் சென்ற பின்னும் அது ஊரிலே தங்கிவிட்டது.

பண்டிதர் பலர் அதனை ஏற்கவில்லை. அவர்கள் கூறிய குறை நியாயமானதே. ஆர்மோனியத்தில் ஒவ்வொரு சுரமும் ஒரு கட்டைக்குள் நிலைபெற்று நிற்கும்; சுரத்தை அசைத்தும் வளைத்தும் கமகம் பிறப்பிக்க அதனால் முடியாது. மேல்நாட்டிலிருந்தே வந்த வயலினை, பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் 19ஆம் நூற்றாண்டிலேயே கருநாடக இசைக்கு உரியதாக்கிவிட்டனர். ஏனெனில் அதன் தந்தியில் விரல் வழுக்கி ஓடும். ஆர்மோனியத்துக்கு அந்தப் பேறு இல்லை. இரவீந்திரநாத தாகூரும் அதனை வெறுத்தார். அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டு அதனை நிலையத்துக்குள் வரவிடாது தடைசெய்தது. அத்தடை 1971ஆம் ஆண்டளவிலேயே தளர்த்தப்பட்டது.

ஆனால் வித்துவானுக்குக் குறையாக உள்ளது, புதிதாகப் பாட வருபவனுக்குத் துணையாகின்றது. சுருதியிலே நிலைகொள்ளாத குரலை, அசையாத அந்தச் சுரமே கைப்பிடித்து நிறுத்துகின்றது. தம்பூரா மீட்டுவோர் அரியர். வயலின் கற்கப் பல்லாண்டு வேண்டும். ஆர்மோனியமோ, ஓரிரு மாதங்களில் ஒருவரைக் கூட்டத்துக்குப் பயன்படுபவர் ஆக்கிவிடும். வானொலி நிலையம் கதவடைத்த காலத்திலும், ஊர்க்கோயிலும் வாசிகசாலையும் அதற்குக் கதவு திறந்தே வைத்திருந்தன.

இத்தகைய கூட்டம் ஒன்று நடைபெறும் முறையை நினைவுகூர்தல் வேண்டும். சாப்பாடு முடிந்த பின் நான்கைந்து பேர் ஒரு வீட்டுத் திண்ணையிலோ, கோயில் மடத்திலோ கூடுவர். ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடித்துக்கொள்வார். மிருதங்கக்காரர் இடப்புறத் தோலில் ரவை பிசைந்து ஒட்டி, வலப்புறத்தைத் தட்டித் தட்டிச் சுருதிக்குக் கொண்டுவருவார். முதலிலே பிள்ளையார் துதி. பின்னர் ஒருவர் பாட, மற்றவர் வாங்கிப் பாடுவர். பிழைத்தவர் நிறுத்தப்படுவதில்லை, பாட்டு முடிந்த பின், “அந்த இடத்தை இன்னொருக்கால் பாடும், தம்பி” என்று மூத்தவர் சொல்லுவார். கடலையும் கோப்பியும் வரும். அன்று வந்த புதியவர் மறுவாரமும் வருவார். மேடையிற் பிழைவிட்டால் இகழ்ச்சி. வகுப்பிற் பிழைவிட்டால் புள்ளி குறையும். இந்தப் பாயிற் பிழைவிட்டால் பாட்டுத்தான் திருந்தும்.

காலம் மாறியது, இசைக்கல்வி ஒழுங்குபெற்றது. 1929ஆம் ஆண்டு அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக்கல்லூரி அமைத்தார். இலங்கைத் தமிழ் இளைஞர் பலர் அங்கு சென்று சங்கீத பூஷணம் பட்டத்தோடு மீண்டனர். 1931ஆம் ஆண்டு தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை, வகுப்பு வகுப்பாகத் தேர்வுகளை நடத்தி இசைக்கு ஒரு பாடத்திட்டத்தை வகுத்தது. 1960ஆம் ஆண்டு சு. நடேசபிள்ளையின் முயற்சியால் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக்கல்லூரி எழுந்தது. மகாராஜபுரம் சந்தானம் போன்ற பெருவித்துவான் தமிழகத்திலிருந்து வந்து அதன் அதிபராகப் பணிபுரிந்தார். அது பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கொக்குவிலிலேயே நடனக் கலைஞர் ஏரம்பு சுப்பையா கலாபவனத்தை நடத்தி ஆடலையும் பாடலையும் இளையோர்க்கு உரியதாக்கினார்.

வானொலியும் துணைநின்றது. 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் நாள் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியது. நாளடைவில் வாசிகசாலைகளிலும் தேநீர்க் கடைகளிலும் வானொலிப் பெட்டி இடம்பெற்றது. தஞ்சாவூருக்குச் சென்றறியாத கொக்குவில் கமக்காரர், தஞ்சை வித்துவான்களின் பாட்டைத் தம் ஊரிலிருந்தே கேட்டார்.

இவை அனைத்தும் பேறுகளே. ஆயினும், ஒவ்வொரு பேற்றுடனும் சிறு இழப்பு ஒன்றும் வந்தது. தேர்வு வந்தபின், பாட்டுப் பயில்வது சான்றிதழுக்காக என்னும் எண்ணமும் வந்தது. கடைசித் தேர்வு முடிந்தவுடன் சுருதிப்பெட்டியை மூடிவைத்தவர் பலர். வானொலியிலும் இசைத்தட்டிலும் குறையற்ற பாட்டைக் கேட்டுப் பழகியவர், தம் குறையுள்ள குரலைத் திறக்க நாணினர். ஒலிபெருக்கி வந்தபின், பத்துப்பேர் கூடும் இடத்திலும் ஒருவர் பாட ஒன்பதுபேர் கேட்கும் நிலை தோன்றியது. பாடுவோர் தொகை குறைந்தது. கேட்போர் தொகை பெருகியது.

அதன்பின் வந்தது எவரும் வேண்டாத சோதனை. 1987ஆம் ஆண்டு ஒக்டோபரிற் போர் கொக்குவிலின் வீதிகளுக்கே வந்தது. 1910ஆம் ஆண்டு தொடங்கிய கொக்குவில் இந்துக் கல்லூரியில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் வீழ்ந்து உயிர்கள் பல மாண்டன. 1990ஆம் ஆண்டு குடாநாட்டில் மின்சாரம் நின்றது, புகையிரதமும் நின்றது. ஒலிபெருக்கி மௌனமானது. மின்கலமும் அரிதாகிவிட்டமையால், துவிச்சக்கர வண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர் மக்கள். ஜாம் போத்தலிற் சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றி, பஞ்சுத்திரி இட்டு, அவ்வெளிச்சத்திற் பிள்ளைகள் படித்தனர்.

அந்நாட்களில் எஞ்சிநின்ற இசை எது? மின்சாரம் வேண்டாத இசை. துருத்தியை அசைத்தால் ஒலிக்கும் ஆர்மோனியம், விரல் பட்டால் பேசும் மிருதங்கம், இவையும் அற்றவிடத்து வெறுங் குரலும் கைத்தாளமும். பாட்டனார் காலத்துப் பழைய முறை, வேறு வழியின்றி மீண்டும் புதுமுறையாயிற்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, கையில் எடுத்துச் செல்லக்கூடியது சிறிதே. வீட்டோடு இருந்த கருவியை விட்டுச்செல்லலாம். நெஞ்சோடு இருந்த தேவாரத்தை விட்டுச்செல்ல வேண்டியதில்லை. சேர்ந்து பாடிப் பழகியவர்களுக்கு, அந்த நெடுவழியிலும் சொந்தமென்று சொல்ல ஒன்று மிஞ்சியிருந்தது.

அடுத்த ஆண்டு சித்திரை தொட்டு மக்கள் மீளத் தொடங்கினர். மீளாதவர்களும் உளர். கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் குடியேறியவர்கள் அங்கே கோயில் கட்டினர். வார இறுதியிற் பிள்ளைகளுக்குப் பண்ணிசை சொல்லிக்கொடுத்தனர். பனி பெய்யும் ஊரொன்றில் நிலவறைக் கூடத்தில் ஆர்மோனியத்தைச் சூழ்ந்து அமர்வோர், தாம் கொக்குவில் மடத்துப் பாயைத்தான் மீண்டும் விரித்திருக்கின்றோம் என்பதை அறிந்தும் இருக்கலாம், அறியாமலும் இருக்கலாம்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அது கொக்குவிலைக் கடந்து காங்கேசன்துறை வரை ஓடியது. மின்சாரம் உண்டு, கைக்குள் அடங்கும் கருவியில் உலகத்துப் பாட்டெல்லாம் உண்டு. கேட்பதற்கு இனி எவருக்கும் குறையில்லை. பாடுவதற்கு மட்டும் ஒரு பாயும் நான்கு நண்பர்களும் பிழையைப் பொறுக்கும் ஒரு மூத்தவரும் வேண்டும். அதனை எந்த நிலையமும் ஒலிபரப்ப இயலாது. எந்தத் தேர்வுச் சபையும் வழங்க இயலாது. ஊரார் தாமே அமைத்துக்கொள்ள வேண்டியது அது.

கல்லூரிகள் வித்துவான்களை உருவாக்குகின்றன. அது அவற்றின் கடமை. வித்துவானுக்கு ஒரு சபையை உருவாக்குவது ஊரின் கடமை. பிறப்புப் பாராது, பொருள் பாராது, வாசலில் எவரையும் நிறுத்திவைக்காது விரிக்கப்படும் பாய் எதுவோ, அதிலேதான் அச்சபை பிறக்கும். யாழ்ப்பாடிக்கு அரசன் ஒரு நாட்டைக் கொடுத்தான் என்பது கதை. கூலி கருதாத குரல்கள் இந்த நாட்டுக்குத் தம் இசையைக் கொடுத்துவந்திருக்கின்றன என்பது வரலாறு.